ஒண்ணரை ஓட்டு

எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு ஓட்டு. கோமளாக்காவுக்கு மட்டும் ஒண்ணரை.

அவருடைய வாக்காளர் அட்டையில் ஒரு முழு மொட்டைத் தலை இருக்கிறது. தோள் ஓரத்தில் இன்னொரு பாதி மொட்டை எட்டிப் பார்க்கிறது. முழு மொட்டை கோமளவல்லி. பாதி மொட்டை அபிகாயில். பாலினம் என்ற இடத்தில் ‘ஆண்’ என்று அச்சாகியிருக்கிறது. இரண்டில் எந்த மொட்டையைப் பார்த்து அப்படி எழுதினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டுமே பெண்கள்.

அந்த அட்டையைத் தெருவில் பார்க்காதவர் இல்லை. அதைச் செராக்ஸ் எடுத்து, மேலே ‘உங்கள் பொன்னான ஒண்ணரை வாக்கு’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, அவர் கடைப் பலகையிலேயே ஒட்டியது யார் என்பதும் தெருவுக்குத் தெரியும். அதை இங்கே விளக்க வேண்டிய அவசியம் இல்லை. கோமளாக்கா அதைக் கிழிக்கவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். மறுநாள் மழை வரும்போல இருந்ததால் அதன்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு நாலு பக்கமும் டேப் ஒட்டினார். கேலி செய்தவனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

கடை என்றால் பெரிய கடை இல்லை. மலைக்கோயில் குளமான சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய குடை, ஒரு ஸ்டூல், கையகலக் கண்ணாடி, பேசின் நிறையக் கரைத்த சந்தனம். மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஸ்டூலில் உட்காருவார்கள். கோமளாக்கா உள்ளங்கையில் சந்தனத்தை அள்ளி, நெற்றியில் ஆரம்பித்துப் பிடரிவரை ஒரே இழுப்பில் பூசுவார். நகரி, புத்தூர் பக்கத்து ஆட்களுக்குத் தெலுங்கு, மற்றவர்களுக்கு நம் பேச்சு. இரண்டு பாஷைக்கும் தலை ஒன்றுதான்.

முகங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு போலீஸ்காரருக்குக்கூடத் தெரியாது. ஒரு ஆடிக் கிருத்திகைக்குப் பதினோரு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வந்தது. பதினோரு பேரும் மொட்டை. மூன்று வயதுப் பையன் ஒருவன் மட்டும் யாரிடமும் போகமாட்டேன் என்று நடுரோட்டில் உட்கார்ந்து கத்தினான். “நான்தான்டா நைனா” என்று அப்பா கையை நீட்ட நீட்ட அவன் அலறல் கூடியது. யாரோ பிள்ளை பிடிக்கிறவன் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கோமளாக்கா அந்த மனிதரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பையனோடு என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டார். அவர் கூச்சப்பட்டார். பிறகு நூறு பேர் பார்க்க, நாலு காலில் நின்று எருமை மாதிரி கத்தினார். பையன் ஓடிவந்து முதுகில் ஏறிக்கொண்டான்.

“மூஞ்சிய மட்டும் நம்பினா அவ்ளோதான்” என்றார் கோமளாக்கா, அடுத்த தலைக்குச் சந்தனம் அள்ளிக்கொண்டே.

அட்டை விஷயம் முப்பது வருஷத்துக்கு முந்தியது. அப்போது நான் பிறக்கவில்லை. ஆனால் இதை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன் என்றால், நானே வரிசையில் நின்ற மாதிரிதான்.

கோமளாக்காவும் அவர் கணவர் கங்காதரனும் இப்போது இருக்கும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் பென்சன், அவர் மனைவி ஜெபகுமாரி. பென்சனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஜெபகுமாரியை இரண்டாவது பிரசவத்துக்கு வேலூர் கூட்டிப் போனபோது, இரண்டு வயது அபிகாயிலைக் கோமளாக்காவிடம் விட்டுப் போனார்கள். பிரசவம் சிக்கலாகி நாள் இழுத்துக்கொண்டே போனது. இங்கே குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஜன்னி கண்டது.

மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார் கோமளாக்கா. டாக்டர் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார். தன் பங்குக்கு இவர் மலையைப் பார்த்து, பிள்ளை எழுந்தால் இரண்டு தலையையும் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். நான்காம் நாள் குழந்தை எழுந்து பன் கேட்டது. அடுத்த வாரம் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினார். இரண்டு மொட்டை. பிள்ளையைப் பெற்றவர்களைக் கேட்கவில்லை. கேட்க போன் ஏது அப்போது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஓட்டு அட்டைக்குப் போட்டோ. போட்டோவோடு அட்டை என்று முதல்முறையாகக் கொடுக்கிறார்கள். ஊரே தலை வாரிப் பவுடர் பூசி வரிசையில் நின்றது. கோமளாக்கா வாருவதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றார், இடுப்பில் இன்னொரு மொட்டையோடு.

“கொழந்தைய எறக்கி வுடும்மா” என்றார் போட்டோ எடுப்பவர்.

இறக்கிவிட்டார். அபிகாயில் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். புடவையைப் பிடித்து மறுபடியும் இடுப்பில் ஏறிவிட்டாள்.

“இது வுடாது. நீ புடி” என்றார் கோமளாக்கா.

“ஒருத்தர்தாம்மா வரணும்.”

“நான் ஒருத்திதானே. இது இன்னும் ஆளே ஆகல.”

அவர் கேமராவை எவ்வளவு தள்ளி வைத்தும், தோளில் சாய்ந்த தலையில் பாதி உள்ளே வந்துவிட்டது.

ஜெபகுமாரி புதுக் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது, சந்தனம் பூசிய மஞ்சள் மொட்டையோடு ஒரு உருவம் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தாராம்.

“இன்னாக்கா இது?”

“வேண்டிகினேன். ஜன்னி வந்துடுச்சி. முடி வளந்துடும், ஜெபா.”

பென்சன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்டவர்களிடம், பேன் அதிகமாகிவிட்டது, எடுத்துவிட்டோம் என்றார். பாஸ்டர் குழந்தையைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “பேனுக்குச் சந்தனம் நல்லதுதான்” என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு மாதம் சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் அன்று ஜெபகுமாரி ஒரு தட்டில் பிரியாணியை அபிகாயில் கையில் கொடுத்து அனுப்பினார். குழந்தை பாதியை வாசலில் கொட்டிவிட்டது. மீதியை வாங்கி வைத்துக்கொண்டு கோமளாக்கா அழுதாராம். இதை அவர் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

அட்டை வந்தபோது கங்காதரன்தான் முதலில் படித்தார். “நான் ஆம்பளையவா கட்டிகினேன்?” என்று கேட்டுவிட்டு, தாலுகா ஆபீசில் திருத்தி வருகிறேன் என்று கிளம்பினார். கோமளாக்கா அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். திருத்தினால் வேறு போட்டோ கேட்பார்கள். கோமளாக்காவுக்கும் கங்காதரனுக்கும் குழந்தை இல்லை; அப்புறமும் பிறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களை எங்கள் தெரு மறக்காது. வாக்குச்சாவடி உள்ளே ஒரே பெஞ்சில் வேணு மாமாவும் தணிகைமணியும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கட்சியின் ஏஜெண்டுகள். வெளியே முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே ஒரு வெற்றிலைப் பொட்டலத்தைப் பங்கு போடுவார்கள். அதிகாரி பெயரை உரக்கப் படித்ததும் இருவரும் நிமிர்ந்து ஆளைப் பார்ப்பார்கள். “ஆங், அதான்” என்று ஒருவர் சொன்னால் முடிந்தது. நடையைப் பார்த்தே சொல்வார்கள், இருமலைக் கேட்டே சொல்வார்கள். கோமளவல்லி என்று படித்தால் மட்டும் தணிகைமணி, “ஒண்ணரை வந்துடுச்சி, வழி வுடுங்க” என்பார். அதிகாரி அட்டையைப் பார்ப்பார், கொண்டை போட்ட மனுஷியைப் பார்ப்பார், சிரித்துவிடுவார்.

“மீதி அரை எங்கம்மா?”

“பால்வாடிக்குப் போயிருக்குது சார்” என்றார் முதல் தடவை. அடுத்த தேர்தலில், “ரெண்டாவது படிக்குது.” அப்புறம், “சடங்கு சுத்தினோம் சார் போன மாசம்.” அப்புறம், “நர்சு படிக்கணும்னுது, மார்க்கு பத்தல.” ஒரு வருஷம், “அதுக்கே தனி ஓட்டு வந்துடுச்சி, பின்னால நிக்குது பாருங்க” என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. அபிகாயில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்கடுத்து, “கட்டிக் குடுத்துட்டோம், பின்னாடி தெருதான்.” கங்காதரன் இறந்த வருஷம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன தேர்தலில் வந்த அதிகாரி வெளியூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

“இது நீங்க இல்லையே.”

“நான்தான் சார். மொட்ட போட்டப்ப எடுத்தது.”

“ஆண்னு போட்டிருக்கே.”

“அது நீங்க போட்டது சார். நான் போடல.”

வேணு மாமாவும் தணிகைமணியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே நேரத்தில் எழுந்து, அதான் சார், அவங்கதான் என்றார்கள். அதிகாரி அவர்களை உட்காரச் சொன்னார். “நீங்க ரெண்டு பேரும் சேந்துகினு யாரக் காட்டினாலும் நான் நம்பணுமா? அப்ப போட்டோ எதுக்கு? ஆதார் எதுனா கொண்டாங்கம்மா, உடனே விடறேன்.”

ஆதார் வீட்டில் இருந்தது. ஐந்து நிமிஷ நடை. கோமளாக்கா எடுத்துவரப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்வரை அவர் வரவில்லை. முதல் தடவையாக எங்கள் தெருவில் ஒண்ணரை ஓட்டு குறைந்தது.

“ஒரு தப்பும் பண்ணாதவ எதுக்கு இன்னொரு பேப்பரத் தேடிகினு ஓடணும்?” என்றார் மறுநாள்.

தணிகைமணி யோசனை சொன்னார். “போட்டோவ ஆளுக்கு மாத்தறது கஷ்டம் கோமளா. ஆள போட்டோவுக்கு மாத்திடு. அடுத்த எலெக்‌ஷனுக்கு முந்தின நாளு ஒரு மொட்ட. அபிக்கு பாதி.”

கோமளாக்கா சிரிக்கவில்லை. அதை உண்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு மழைக்காலத்தில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க உத்தரவு வந்தது. எங்கள் பகுதிக்கு அந்த வேலையில் அனுப்பப்பட்டவர் அங்கன்வாடி டீச்சர். அங்கன்வாடி டீச்சர் யார் என்றால் அபிகாயில். ஒரு கட்டுப் படிவத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். எல்லா வீடும் முடிந்து கோமளாக்காவின் படிவம் மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போனால் கடையில் இருக்கிறார். கடைக்குப் போனால், கை பூராவும் சந்தனம், அப்பால வா என்கிறார்.

நாலாவது தடவை அபிகாயில் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. குடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வேணு மாமா டீ குடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அன்று பேசியதைப் பொய்கை வழியில் இருந்த பாதிப் பேர் கேட்டார்கள். நானும்தான்.

“அத்தே, ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. ஆணுன்னு கீறத பொண்ணுன்னு மாத்தி எழுதிடறேன். ரெண்டு நிமிஷ வேல.”

“எந்த போட்டோ?”

“இப்ப கீற மூஞ்சிதான்.”

“இதுல இன்னா கீது. நரதான் கீது.”

“அந்த நரையத்தான் கேக்கறாங்க.”

வேணு மாமா நடுவில் வந்தார். “ஏம்மா அபி, போட்டோ இல்லாத காலத்துல நாங்க ஆளப் பாத்து அனுப்பலயா? ஒரு கள்ள ஓட்டு வுழுந்திருக்குமா?”

“மாமா, நீங்க பேசாதீங்க. எங்க தாத்தா செத்து அடக்கம் பண்ணப்பறம் ரெண்டு எலெக்‌ஷனுக்கு ஓட்டு போட்டாரு. நீங்கதான் ‘ஆங், அதான்’னு சொன்னீங்களாம்.”

வேணு மாமா டீயில் ஏதோ விழுந்த மாதிரி கிளாசுக்குள் பார்த்தார்.

“அந்த மாதிரி நடக்குதுன்னுதான் அத்தே போட்டோ. உங்களத் தெரிஞ்சவங்களுக்காக இல்ல. தெரியாதவன் ஒருத்தன் வந்து ஒக்காந்தா அவனுக்காக. போன தடவ வந்தானே.”

“அவனால நான் எதுக்கு மாறணும்?”

“பழைய அட்டய யாரும் புடுங்க மாட்டாங்க. நீங்களே வெச்சிக்கலாம்.”

“பொட்டியில போட்டு வெக்கவா?” கோமளாக்கா பேசினைக் கீழே வைத்தார். “பொட்டியில வெக்க உன் போட்டோ எங்கிட்ட இல்லாமயா கீது. கல்யாண ஆல்பமே கீது. இது கெவுருமெண்டு லிஸ்ட்டுடி. அதுல என் பக்கத்துல ஒரு கொழந்த கீது. வேற எந்த பேப்பர்ல கீது சொல்லு. ரேஷன் கார்டுல நானும் அவரும் இருந்தோம். அவரு போனப்பறம் நான் ஒண்டி. ஆதாருல நான் ஒண்டி. இதுல ஒண்ணுலதான் ஒண்டி இல்ல.”

அந்த நேரம் பார்த்து மூன்று தலைகள் வந்தன. அபிகாயில் எழுந்து ஸ்டூலைக் கொடுத்துவிட்டுக் குடையின் ஓரத்தில் நின்றார். பாதி முதுகு நனைந்தது. கோமளாக்கா மூன்று தலைக்கும் வழக்கத்தைவிட மெதுவாகப் பூசினார். மூன்றாவது ஆள், போதும்மா, கண்ணுல வருது என்றார்.

அவர்கள் போனதும் அபிகாயில் படிவத்தை மடியில் விரித்தார். அதில் பழைய படம் சின்னதாக அச்சாகியிருந்தது; பக்கத்தில் புதுப் படம் ஒட்ட ஒரு காலிக் கட்டம். “தேதி வியாழக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள நீங்க குடுக்கலன்னா, உங்க பேருக்கு நேரா ‘ஆள் இல்லை’ன்னு எழுதணும். எழுத வேண்டியது நான்தான். என் கையால. தெனம் உங்களப் பாத்துகினே அத எழுத எனக்கு முடியாது அத்தே. எழுதாம வுட்டா என் வேல போவும். நீங்களே சொல்லுங்க, எத வுடட்டும்?”

“மெரட்டறியா?”

“ஆங்.”

கோமளாக்கா கையைக் கழுவினார். சந்தனம் லேசில் போகாது. ரொம்ப நேரம் கழுவினார்.

“ஸ்டுடியோக்காரன் எத்தன மணிக்குத் தொறப்பான்?”

மறுநாள் காலை பஜார் தெரு ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். தனியாக உட்காரமாட்டேன், நீயும் பக்கத்தில் நில்லு, படத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை என்றார். அபிகாயில் நாற்காலியை ஒட்டி நின்றார். ஸ்டுடியோ வைத்திருக்கும் முருகவேல் கேமராவில் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“டீச்சர், தோள்ல உங்க நெழல் வுழுது. தள்ளிக்குங்க.”

தள்ளினார்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் தள்ளினார். மூன்றாவது தடவை தள்ளியபோது சுவர் வந்துவிட்டது. அதற்குள் படம் சுத்தமாகியிருந்தது. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கான, எந்த அதிகாரியும் குறை சொல்ல முடியாத படம். கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, சுவர்ப் பக்கம் பார்க்கிறது.

புது அட்டை வழவழப்பாகக் கலரில் வந்தது. பெண் என்று போட்டிருந்தது. தெருவில் ஒரு வாரம் எல்லோரும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா கீது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வாரம் தெருவில் ஏதோ கரண்டு போன மாதிரி இருந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஓட்டு வர இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

தேர்தல் அன்று கோமளாக்கா ஏழு மணிக்கே வரிசையில் நின்றார். பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டு, மேசையில் பட்டியலோடு அபிகாயில் உட்கார்ந்திருந்தார். வாக்காளர்கள் கேட்டால் வரிசை எண் பார்த்துச் சொல்லும் வேலை. காம்பவுண்டுக்கு வெளியே ஐஸ் வண்டிப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர்.

உள்ளே போன கோமளாக்கா இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று அபிகாயில் பாதி எழுந்துவிட்டார்.

“இன்னா ஆச்சி அத்தே?”

கோமளாக்கா விரலைக் காட்டினார். மை இருந்தது.

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்டி கீது?”

“ஒருத்தனும் பாக்கலடி.” அவர் குரலைத் தணித்துத்தான் சொன்னார், வரிசை மொத்தமும் அமைதியாகிவிட்டதால் எங்களுக்கும் கேட்டது. “அட்டைய வாங்கினான், நம்பரப் பாத்தான், டிக் அடிச்சான், அடுத்தவங்கன்னான். வேணு கூட நிமிரல. அட்டதான் சரியா கீதேன்னு கீழயே குனிஞ்சிகினு எழுதறான். இத்தினி வருஷமா என் மூஞ்சிய ஒரு பத்து பேராவது உத்துப் பாக்காம நான் ஓட்டு போட்டதில்ல.”

மேசைக்கு முன்னால் எட்டுப் பேர் எண் கேட்க நின்றிருந்தார்கள். அபிகாயில் அவர்களைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

“குடுங்க, நான் பாக்கறேன்.”

“போடி.”

“குடுங்கன்றேன்.”

அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இப்டித் திரும்புங்க. ம்ம். அந்தப் பக்கம்.”

கோமளாக்கா திரும்பினார். வரிசையில் இருந்து ஒரு குரல், “டீச்சர், வெயிலு ஏறுது” என்றது. அபிகாயில் நிமிரவே இல்லை. நெற்றி, மூக்குத்தி, காதோரத்து நரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு தப்பும் நடந்துவிடக் கூடாது என்பதுபோல. கோமளாக்காவும் கழுத்தை நிமிர்த்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அசையாமல் நின்றார்.